தண்ணீரில் வழுக்கும் படம்: கொலோனின் வண்ணங்களும் டிகாலின் கறைகளும்

டிகால் என்பது தண்ணீரில் நனைத்ததும் காகிதத்தை விட்டு வழுக்கி வரும் மெல்லிய அச்சுப் படம். பபிள்கம் பாக்கெட்டில் வந்த டாட்டூவை எச்சில் தொட்டுக் கையில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு இதன் ஒன்றுவிட்ட உறவு ஏற்கெனவே பழக்கம்தான். பிளாஸ்டிக்கில் செய்த சின்ன விமானம், கார், ரயில் மாதிரிகளுக்குப் பெயின்ட் அடித்த பிறகு எண், கொடி, நிறுவனப் பெயர், விளம்பரம் எல்லாம் இந்த வழியில்தான் ஏறுகின்றன. அடியில் காகிதம். அதன்மேல் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற பசை. அதற்கும் மேல் நிறமற்ற வார்னிஷ் படலம், கடைசியாக மை. தண்ணீர் காகிதத்தின் பின்புறமாக ஊறிப் பசையைக் கரைக்கும்போது படலம் மையைத் தூக்கிக்கொண்டு விடுபடுகிறது. ஒட்டி முடித்த மாதிரியில் தெரியும் கறைகளுக்கு மை காரணமாவது அபூர்வம். அதைச் சுமந்து வந்த பசையும் படலமும் தண்ணீரும் போக வேண்டிய நேரத்தில் போகாமல் தங்கிவிடுவதால்தான் கறை விழுகிறது. டிகாலின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சுமைகூலிகளை வழியனுப்பி வைக்கப் பட்ட பாடுதான்.

ஜெர்மனியில் இத்தகைய படங்களை அச்சிடுவதில் பேர்பெற்ற ஊர்கள் நியூரம்பெர்க்கும் லைப்ஸிக்கும். ரைன் நதிக்கரையில் உள்ள கொலோனின் பங்கு வேறு வகையானது. உலகெங்கும் மாதிரி செய்பவர்கள் ஒட்டும் டிகால்களில் ஒரு நல்ல பங்கு அந்த நகரத்தின் விமான நிறுவனத்துக்கும் பந்தயக் கார் பட்டறைகளுக்கும் உரியது.

ஒரு பரப்பில் அச்சிட்டதை இன்னொரு பரப்புக்கு மாற்றும் யோசனை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிரான்சிலிருந்து லண்டனுக்குக் குடியேறிய சிமோன் பிரான்சுவா ரவனே என்ற செதுக்கு ஓவியரின் பெயர் இதில் முதலில் அடிபடுகிறது. 1750களில் லண்டனின் பாட்டர்சியில் எனாமல் பூசிய சிமிழ்கள் செய்த பட்டறைக்கு அவர் வேலை பார்த்தார். செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய காகிதத்தில் எடுத்த படியை ஈரம் காய்வதற்குள் எனாமலில் அழுத்திச் சூளையில் வைப்பது அங்கிருந்த முறை. அதே காலத்தில் லிவர்பூலில் பீங்கான் ஓடுகளிலும் இது நடந்தது. கையால் ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்த சித்திரத்தை நூற்றுக்கணக்கில் எடுக்க முடிந்தது.

நிறம் வந்தது ஜெர்மானியக் கல்லில். மியூனிக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்த கல்லச்சு, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற எளிய உண்மையில் நிற்பது. 1837இல் கோட்ஃப்ரா எங்கெல்மான் பல கற்களைக் கொண்டு பல நிறங்களில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். அச்சிடும் தாளின்மேல் முன்கூட்டியே பசை பூசிவிட்டால், காய்ந்த படத்தை எப்போது வேண்டுமானாலும் நனைத்து வேறொன்றின்மேல் மாற்றலாம் என்பது தெரிந்ததும் 1860களில் ஐரோப்பாவை ஒரு பித்துப் பிடித்தது. கண்ணாடிக் குடுவை, மேசை, விசிறி என்று கிடைத்ததிலெல்லாம் பூவும் பறவையும் ஒட்டினார்கள். தொழிற்சாலைகளும் அதை விடவில்லை. தையல் இயந்திரத்தின் கறுப்பு உடலில் மின்னும் தங்கக் கொடிகளும் சைக்கிள் சட்டத்தில் உள்ள நிறுவன முத்திரையும் இந்த வழியில் வந்தவையே. அந்தக் காலத்து முறையில் படத்தைக் கவிழ்த்து வார்னிஷில் ஒட்டி, மேலே இருக்கும் காகிதத்தை நனைத்து உரித்துவிட்டு, மிஞ்சிய பசையைக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் சில மாதங்களில் படத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும். டிகாலின் முதல் கறை இதுதான். படத்தைக் கவிழ்க்காமல் அப்படியே வழுக்கி இறக்கும் இன்றைய முறை பின்னால் வந்தது.

கொலோனில் இந்தப் பலநிற அச்சைப் பெரிய அளவில் வீட்டுக்குள் கொண்டுபோனது ஒரு சாக்லேட் நிறுவனம். ஃபிரான்ஸ் ஸ்டோல்வெர்க் 1839இல் அங்கே தொடங்கிய கடை, அவருடைய மகன்கள் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய சாக்லேட் ஆலைகளில் ஒன்றாயிற்று. 1887 முதல் தெருமுனைகளிலும் ரயில் நிலையங்களிலும் காசு போட்டால் சாக்லேட் தரும் தானியங்கிப் பெட்டிகளை அது வைத்தது. சாக்லேட்டோடு ஒரு வண்ணப் படமும் வரும். 1890களின் இறுதியிலிருந்து அவற்றை ஒட்டிச் சேர்க்க ஆல்பங்களையும் விற்றது. அவை சாதாரணமாகப் பசை தடவி ஒட்டும் அட்டைப் படங்கள். தண்ணீரில் வழுக்கும் ரகம் இல்லை. ஆனாலும், ஒரு வரிசையின் எல்லாப் படங்களையும் சேர்த்து, கோணாமல், மூலை மடங்காமல், பசை பிதுங்காமல் அதனதன் கட்டத்தில் ஒட்ட வேண்டும் என்ற பொறுமையை ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் ஸ்டோல்வெர்க்குக்குப் பங்குண்டு.

அதே வட்டாரத்தில் பிறந்த ஒருவர் இதற்கு நேர் எதிரான வழியில் போனார். கொலோனுக்குத் தெற்கே உள்ள ப்ரூலில் 1891இல் பிறந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட், முதல் உலகப் போர் முடிந்ததும் கொலோனில் தாதா கலைக் குழுவை நடத்தியவர். 1920இல் ஒரு மதுக்கடையின் பின்கட்டில் அவர்கள் வைத்த கண்காட்சிக்குக் கழிப்பறை வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது. போலீஸ் வந்து அதை மூடியதில் வியப்பில்லை. பின்னாளில் பிரான்சில் சர்ரியலிஸ்டுகளோடு இருந்தபோது, ஆஸ்கார் தொமிங்கேஸ் 1930களின் நடுவில் கையாளத் தொடங்கிய டெகால்கொமேனி என்ற உத்தியை எர்ன்ஸ்ட் எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். ஈர வண்ணத்தின்மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுப்பார். வண்ணம் இழுபட்டு, குமிழ் விட்டு, பவளப்பாறை போலவும் அழுகிய இலை போலவும் திட்டுத் திட்டாகப் படியும். 1940க்கும் 1942க்கும் இடையில் வரைந்து முடித்த, மழைக்குப் பிந்தைய ஐரோப்பாவைக் காட்டும் அவருடைய ஓவியத்தின் நிலப்பரப்பு முழுவதும் இப்படி வந்ததுதான். மாதிரி செய்பவர் தவிர்க்கப் பாடுபடும் குமிழும் திட்டும் அங்கே ஓவியத்தின் உயிர். ப்ரூலில் அவர் பெயரில் 2005இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

போர்க்காலத்தில் டிகால் இன்னொரு வேலையும் பார்த்தது. 1935இல் வந்த ஜெர்மன் ராணுவத் தலைக்கவசத்தின் இருபுறமும் இருந்த சின்னங்கள் டிகால்களே. தூரத்திலிருந்து கண்ணைப் பறிக்கிறது என்று 1940இல் ஒரு பக்கச் சின்னமும் 1943இல் மறு பக்கச் சின்னமும் கைவிடப்பட்டன. அந்தக் காலத்தின் நிழல் இன்றைய பொம்மைக் கடையிலும் உண்டு. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு ஸ்வஸ்திகா போன்ற சின்னங்களைப் பரப்புவதைத் தடை செய்வதால், அந்நாட்டில் விற்கும் போர் விமான மாதிரிகளின் டிகால் தாளில் வால் பகுதிச் சின்னம் இருக்காது. சில நிறுவனங்கள் அதை இரண்டு பொருளற்ற துண்டுகளாகப் பிரித்து அச்சிடுகின்றன.

பிளாஸ்டிக் மாதிரிகள் வீட்டுப் பொழுதுபோக்காகப் பரவியது 1950களில். இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ், அமெரிக்காவில் ரெவல், பிறகு ஜப்பானில் டமியா என்று நிறுவனங்கள் வரிசை கட்டின. ரெவலின் ஜெர்மன் கிளை 1956இல் ப்யூண்டே என்ற ஊரில் தொடங்கியது. கொலோன் இருக்கும் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தைச் சேர்ந்ததுதான் அந்த ஊரும். பெட்டிக்குள் சாம்பல் நிறப் பாகங்களும் ஒரு டிகால் தாளும் இருந்தன. அந்தத் தாளில் அடிக்கடி இடம்பிடித்த பெயர் லுஃப்தான்சா.

போருக்குப் பிந்தைய லுஃப்தான்சா கொலோனில் பிறந்தது. 1953 ஜனவரி 6 அன்று லுஃப்டாக் என்ற பெயரில் அங்கே பதிவான நிறுவனம், 1954இல் பழைய பெயரை வாங்கிக்கொண்டு, 1955 ஏப்ரல் 1 அன்று பறக்கத் தொடங்கியது. அதன் பதிவு அலுவலகம் இன்றும் கொலோன்தான். பறக்கும் நாரைச் சின்னம் இன்னும் பழையது. 1918இல் ஓட்டோ ஃபிர்லே வேறொரு விமான நிறுவனத்துக்காக வரைந்தது. 1962, 63இல் உல்ம் வடிவமைப்புப் பள்ளியின் ஓட்டல் ஐஹர் தம் குழுவோடு அந்த நாரையை ஒரு வட்டத்துக்குள் வைத்து, நிறுவனத்தின் எழுத்து, நிறம், சீருடை, காகிதம் வரை ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தார். கருநீல வாலில் மஞ்சள் வட்டம், சன்னல் வரிசை நெடுகக் கருநீலப் பட்டை, மேலே வெள்ளை.

வடிவமைப்பாளர்கள் மெச்சிய அந்த எளிமை மாதிரி செய்பவருக்கு வைத்தது பெரிய சோதனை. டிகால் மஞ்சள் மெல்லியது. கருநீலத்தின்மேல் நேரடியாக வைத்தால் நீலம் ஊடுருவிப் பச்சையாகத் தெரியும். அதனால் அச்சகம் மஞ்சளுக்கு அடியில் ஒரு வெள்ளை அடுக்கை வைக்கும். இரண்டும் தலைமுடி அளவு விலகினாலும் வட்டத்தின் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பிறை எட்டிப்பார்க்கும். நீலப் பட்டையோ மூக்கிலிருந்து வால் வரை ஓடும் ஒற்றைக் கீற்று. நனைத்ததும் சுருளும், இழுத்தால் நீளும், இரண்டு பக்கப் பட்டைகளும் மூக்கில் சந்திக்கும்போது ஒன்றுக்கொன்று உயரம் பிசகும். இடம் மாற்ற மாற்றப் பசை கரைந்து வெள்ளை உடலில் வடியும். 1980களின் இறுதியில் பட்டை போய் உடல் வெள்ளையானபோது பலர் நிம்மதி அடைந்திருப்பார்கள். 2018இல் மஞ்சள் வட்டமும் வாலை விட்டுப் போய், நீலத்தில் வெள்ளை நாரை மட்டும் நின்றது.

விமானத்தில் பெயர் ஒன்று, சின்னம் ஒன்று. பந்தயக் காரிலோ விளம்பரத்துக்கு இடையில்தான் கார் தெரியும். கொலோனின் நீல்ப் பகுதியில் ஃபோர்டு ஆலைக்கு 1930 அக்டோபர் 2 அன்று ஹென்றி ஃபோர்டும் அப்போதைய மேயர் கோன்ராட் அடெனவரும் அடிக்கல் நாட்டினார்கள். அந்த நகரத்து ஃபோர்டு பந்தயப் பிரிவு உருவாக்கிய கேப்ரி ஆர்எஸ் 2600 கார் 1971, 72 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பிய டூரிங் கார் போட்டியில் வாகை சூடியது. எர்வின் கிரெமர், மான்ஃப்ரெட் கிரெமர் சகோதரர்கள் 1962இல் தொடங்கிய பட்டறை போர்ஷே கார்களைத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டியது. 1979இல் கொட்டும் மழையில் நடந்த லெமான் 24 மணி நேரப் போட்டியில், கிளவுஸ் லுட்விக்கும் டான், பில் விட்டிங்டன் சகோதரர்களும் ஓட்டிய கிரெமர் 935 கே3, 41ஆம் எண்ணோடு முதலாவதாக வந்தது. ஒவே ஆண்டர்சனின் டொயோட்டா அணி 1979இல் கொலோனுக்கு வந்தது. அதன் செலிகா கார்களில் 1990, 92இல் கார்லோஸ் சைன்ஸ், 1993இல் யூஹா கன்குனென், 1994இல் திதியே ஓரியோல் உலக ரேலி வாகையர் ஆனார்கள். 1995இல் டர்போவில் செய்த தில்லுமுல்லு பிடிபட்டு அணி தடை செய்யப்பட்டது. வெள்ளை உடலில் காஸ்ட்ரால் பச்சையும் சிவப்பும் ஓடும் அந்தக் கார் மாதிரிப் பெட்டிகளில் மட்டும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கார்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கறைக்கு இடம் தருபவை. செலிகாவின் வெள்ளையில் பசைக்கறை ஒளிய முடியாது. 1998, 99இல் லெமானில் ஓடிய டொயோட்டா ஜிடி ஒன் சிவப்பு. அதில் வெள்ளை எழுத்தின் அடர்த்தி போதாவிட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும். சில சிவப்புப் பெயின்ட்களின் சாயம் மேலே வைத்த வெள்ளைக்குள் கசியவும் செய்யும். கே3இன் உடலை கொலோனுக்கு அருகே இருந்த எக்கெஹார்ட் சிம்மர்மான் வடிவமைத்தார். சக்கர வளைவுகளின்மேல் காற்று வெளியேறக் கீற்றுக் கீற்றாகத் திறப்புகள், பின்புறம் எழும்பி நிற்கும் விளிம்புகள். தட்டையான டிகால் அந்தக் கீற்றுகளின்மேல் கூடாரம் அடித்து உட்காரும். அடியில் சிக்கிய காற்று வெளிச்சத்தில் வெள்ளி பூத்ததுபோல் மின்னும்.

இந்த வெள்ளிப் பூச்சுக்கு வேர் பெயின்டில் இருக்கிறது. மேட் பெயின்ட் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுணுக்கமான மேடுபள்ளம் கொண்டது. படலம் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்க, பள்ளத்துக் காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. ஆகவே டிகால் வைக்கும் முன் பளபளப்பான வார்னிஷ் ஒன்று அடித்து, ஓரிரு நாள் நன்றாகக் காய விடுவது வழக்கமாயிற்று. வேண்டுமானால் எல்லாம் முடிந்தபின் மேலே மேட் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம். இந்த ஒரு படியைச் சோம்பலில் தாண்டியவர்களுக்கு வேறு எந்த மருந்தும் முழுசாக உதவாது.

மருந்துகள் ரயில் மாதிரி உலகத்திலிருந்து வந்தன. அமெரிக்காவில் மில்வாக்கியின் வால்தர்ஸ் நிறுவனம் விற்ற சால்வாசெட் என்ற திரவம் படலத்தைக் கூழாக இளக்கிப் பரப்போடு படிய வைத்தது. கலிபோர்னியாவின் மைக்ரோஸ்கேல் வேலையை இரண்டாகப் பிரித்தது. மைக்ரோ செட் முதலில் தடவ வேண்டியது. வினிகர் வாடை அடிக்கும். பரப்பை ஈரமாக்கி, மிஞ்சிய பசையை இளக்கி, படலம் ஒட்ட உதவும். மைக்ரோ சால் பிறகு மேலே தடவ வேண்டியது. படலம் சுருங்கி, பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கி, சிறிது நேரத்தில் தானே இறுகி வளைவுகளில் உட்கார்ந்துவிடும். சுருங்கியிருக்கும்போது தொட்டால் போச்சு. ஜப்பானின் மிஸ்டர் மார்க் சாஃப்டர், டமியாவின் மார்க் ஃபிட், ரெவலின் டிகால் சாஃப்ட் எல்லாம் இதே குடும்பம். இவையும் குளம் கட்டி நின்றால் அக்ரிலிக் வார்னிஷை அரித்து வளையம் போடும். ஓரத்தில் திரளும் துளியை டிஷ்யூ காகிதத்தின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

பழகியவர் கை கே3இன் கதவில் எண்ணை வைக்கும் விதம் இது. தாளிலிருந்து எண்ணை விளிம்பை ஒட்டி வெட்டுகிறார். படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடி முக்கி எடுத்து, மிதக்க விடாமல், ஈரத் துணியின்மேல் வைக்கிறார். மிதக்க விட்டால் பசை முழுவதும் கரைந்துபோகும். அரை நிமிடம் கழித்து விரல் பட்டால் எண் நகர்கிறது. கதவில் ஒரு சொட்டு நீர் வைத்து, காகிதத்தை இடுக்கியால் பிடித்து அருகே கொண்டுபோய், எண்ணைத் தூரிகையால் தள்ளி இறக்குகிறார். நீரின்மேல் அது மிதக்கும் வரை நகர்த்திச் சரிசெய்ய முடியும். இடம் அமைந்ததும் ஈரப் பஞ்சுக் குச்சியை நடுவில் வைத்து ஓரம் நோக்கி உருட்டுகிறார். தேய்ப்பதில்லை. நீரும் காற்றும் பசையும் விளிம்பு வழியே வெளியேறும். மைக்ரோ சால் தடவி இரவெல்லாம் விடுகிறார். காலையில் வெள்ளி மின்னும் இடம் தெரிந்தால் ஊசி நுனியால் குத்தி மறுபடி ஒரு துளி. கடைசியாகப் புதுப் பஞ்சுக் குச்சியைச் சுத்த நீரில் நனைத்து, டிகாலைச் சுற்றியுள்ள பெயின்ட் முழுவதையும் துடைக்கிறார். குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரே குச்சி என்றால் ஓரிடத்துப் பசை இன்னோரிடம் போகும். இதைத் துடைக்காமல் மேலே வார்னிஷ் அடித்தவருக்கு அந்தப் பசை நிரந்தரக் குத்தகைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

பசை போனாலும் தண்ணீர் தன் பங்கை விட்டுப்போகும். கடின நீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். கறுப்புக் காரில் இது பளிச்சென்று தெரியும். ஜெர்மனியில் குழாய் நீர் மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டு, எந்த வகை என்பதை நீர் வழங்கும் நிறுவனம் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். கொலோன் நீரில் சுண்ணாம்பு தாராளம். ரோமானியர்கள் அந்த ஊரைக் கொலோனியா என்ற நகரமாக்கிய கி.பி. 50க்குப் பின், முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில், ஐஃபெல் மலை ஊற்றுகளிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் வேறு நீர் இருந்தும், சுண்ணாம்பு கலந்த அந்த நீர்தான் அவர்களுக்கு ருசித்தது. கால்வாயின் சுவர்களில் ஏறத்தாழ ஓரடி கனம் வரை சுண்ணாம்பு படிந்தது. இடைக்காலத்தில் கட்டடக்காரர்கள் அந்தப் படிவத்தைப் பெயர்த்து, மெருகேற்றி, ரைன்லாந்து தேவாலயங்களில் சலவைக்கல்லாகத் தூண் நிறுத்தினார்கள். இரண்டங்குல அகலக் கார்க் கூரையில் அதே படிவுக்கு யாரும் மெருகேற்ற மாட்டார்கள். காய்ச்சி வடித்த நீர், நம் ஊர்க் கடையில் பேட்டரி தண்ணீர் என்று கேட்டால் கிடைப்பது, அந்தத் தொல்லையை ஒழிக்கிறது. ஒரு சிறு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் நீர் சொட்டாகத் திரளாமல் பரவும்.

நாள்பட்ட தாள்களில் கறை ஒட்டும் முன்பே வந்துவிடுகிறது. 1970களின் கேப்ரி, போர்ஷே பெட்டிகளைத் திறந்தால் நிறமற்ற படலம் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால், சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மஞ்சள் வெளுத்துவிடும். படலம் நொறுங்கும் நிலையில் இருந்தால் நனைக்கும் முன் மேலே புதிதாக வார்னிஷ் அடித்துக் கட்ட வேண்டும்.

கடையில் ஆயத்தமாக வாங்கும் ரயில், கார் மாதிரிகளில் இப்போது டிகால் அபூர்வம். மெத்தென்ற சிலிக்கோன் திண்டால் மையைத் தொட்டு நேரடியாகப் பதிக்கும் முறை 1960களின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மனியில் தொழிலாக வளர்ந்து, பசையையும் படலத்தையும் தேவையற்றதாக்கிவிட்டது. டிகால் தங்கியிருப்பது கையால் கட்டுபவர்களிடம்தான். கிரெமர் கார்கள் ஒரே பருவத்தில் பந்தயத்துக்குப் பந்தயம் விளம்பரம் மாற்றியவை. பெட்டியில் வரும் தாளில் ஏதாவது ஒரு பந்தயம்தான் இருக்கும். மற்றவற்றை விரும்புவோர் தாமே அச்சிட்டுக்கொள்கிறார்கள். வெள்ளை மையையும் உலோக நிறத்தையும் நாடாவிலிருந்து உருக்கிப் பதித்த ஜப்பானின் ஆல்ப்ஸ் அச்சுப்பொறிகள் இதற்கு வெகுகாலம் வரமாக இருந்தன. அவற்றின் உற்பத்தி நின்றுபோனதால் இப்போது பெரும்பாலும் வீட்டு இன்க்ஜெட்தான். அதில் வெள்ளை கிடையாது. வெள்ளைத் தாளில் அச்சிட்டு விளிம்பு வரை வெட்ட வேண்டும். சாயமோ தண்ணீரில் கரையக்கூடியது. அச்சிட்ட தாளைக் காயவிட்டு, மெல்லிய வார்னிஷை இரண்டு மூன்று முறை பூசி மூடாமல் முக்கினால், முதல் முறையாக மையே கலைந்து ஓடிக் கறையாகும்.